எதிரே வருபவருக்கான காப்பீடு

இந்தியாவில் மோட்டார் வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் 1946 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வண்டியையோ வண்டிக்காரரையோ கருதி அந்தக் கட்டாயம் பிறக்கவில்லை. சாலையில் போகிற வேற்றாள் மீது வண்டி மோதினால், மோதியவர் கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடிபட்டவருக்கோ அவர் குடும்பத்துக்கோ இழப்பீடு சேர வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் சட்டத்தின் கட்டாயப் பகுதி அந்த நோக்கத்தை விட்டுப் பெரிதும் நகரவில்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்துவிட்டு, வீட்டு ஆளே விழுந்து அடிபட்ட நாளில் அதில் ஒன்றும் கிடைக்காது என்று அறிந்து திகைக்கும் கிராமப்புறக் குடும்பங்களின் துயரத்துக்கு வேர் இந்தப் பிறப்பு வரலாற்றில்தான் இருக்கிறது.

திண்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடுதல், பூட்டு, புகையிலை என்று திண்டுக்கல் வளர்த்தெடுத்த தொழில்கள் எல்லாமே சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து ஆளும் சரக்கும் நாள்தோறும் வந்து போவதை நம்பியவை. பழைய தேசிய நெடுஞ்சாலை 7, அதாவது இன்றைய 44, நகரை ஒட்டி மதுரைக்கு இறங்குகிறது. பழனி, கோவை நோக்கி ஒரு சாலையும், வத்தலக்குண்டு, தேனி நோக்கி ஒரு சாலையும், நத்தம் நோக்கி ஒரு சாலையும் பிரிகின்றன. தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்கள் லாரிக்கும் பேருந்துக்கும் பக்கத்திலேயே இரவிலும் நடந்து செல்வது அந்தப் பழனிச் சாலையில். காப்பீட்டைக் கட்டாயமாக்கிய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தவர்கள் மனத்தில் கண்ட வழிநடையாளர் இத்தகையவரே.

மோட்டார் வருவதற்கு முன்பு, பிறர் கவனக்குறைவால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இருந்த ஒரே வழி 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துகள் சட்டம். அதன்படி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, கேட்கும் தொகைக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்தி, எதிராளியின் தவற்றை மெய்ப்பித்து, பின்னர் அவரிடம் இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய காலத்தில் இந்த ஏற்பாட்டின் குறை பெரிதாக உறுத்தவில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விடத் தொடங்கியதையடுத்துத் தென் மாவட்டங்களில் பேருந்துகளும் வாடகைக் கார்களும் பெருகின. 1914-ஆம் ஆண்டின் முதல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் பற்றிப் பேசியதே தவிர, அடிபட்டவருக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியைத் தொடவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிரிட்டன் 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் விடை கண்டது. சாலையில் வண்டி ஓட்டுபவர் பிறருக்கு நேரும் உடற்சேதத்துக்கும் உயிர்ச்சேதத்துக்கும் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. 1934-இல் வந்த அடுத்த சட்டம், வண்டிக்காரருக்கு எதிரான தீர்ப்புத் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே செலுத்த வேண்டும் என்று உறுதிசெய்தது. இந்திய அரசு 1936-37-இல் அமைத்த மோட்டார் வாகனக் காப்பீட்டுக் குழு இந்த வழியையே இங்கும் பரிந்துரைக்க, 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் எட்டாம் அத்தியாயமாக அது இடம் பெற்றது. சட்டத்தின் மற்றப் பகுதிகள் 1939-இலேயே நடப்புக்கு வந்தபோதிலும் இந்த அத்தியாயம் மட்டும் ஏழு ஆண்டுகள் காத்திருந்தது. இடைப்பட்டவை உலகப் போர் ஆண்டுகள்.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் வண்டி உரிமையாளர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு. இருவருக்கும் சம்பந்தமில்லாத வேற்றாள் மூன்றாம் தரப்பு, மக்கள் பேச்சில் தேர்டு பார்ட்டி. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது இந்த மூன்றாமவருக்கான காப்பை மட்டுமே. அதில் இரண்டு கூறுகள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, உரிமையாளர் ஏதேனும் நிபந்தனையை மீறினார் என்று சாக்குச் சொல்லி நிறுவனம் எளிதில் நழுவ முடியாதபடி, அது எழுப்பக்கூடிய எதிர்வாதங்களைச் சட்டமே எண்ணி வைத்தது. இரண்டாவது, சரக்கு வண்டிக்கும் பேருந்துக்கும் நிறுவனத்தின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு விதித்த அதே சட்டம், சொந்தக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வரம்பு எதையும் வைக்கவில்லை. நீதிமன்றம் எவ்வளவு தொகை விதிக்கிறதோ அவ்வளவையும் நிறுவனம் கட்ட வேண்டும். காப்பீட்டை வீண் செலவு என்று கருதும் சிறு வண்டிக்காரர்கள் இந்த இரண்டாம் கூற்றை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உரிமையியல் நீதிமன்றத்தின் செலவும் தாமதமும் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது தெளிவான பின், 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்தது. தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் எம்.சி.ஓ.பி. என்று வழங்கும் வழக்குகள் இந்தத் தீர்ப்பாயத்து மனுக்களே. காப்பீட்டு நிறுவனங்களின் பக்கத்திலும் மாற்றங்கள் நேர்ந்தன. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி, 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. அவற்றுள் 1938-இல் தொடங்கப்பட்ட யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 2000-இல் தனியாருக்குக் கதவு மீண்டும் திறந்தபோது முதலில் உரிமம் பெற்ற பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுள் சென்னையைச் சேர்ந்த ராயல் சுந்தரமும் ஒன்று. பாலிசி எடுப்பவருக்கு இவையெல்லாம் நிறுவனப் பெயர் மாற்றங்களாகத் தெரிந்தனவே ஒழிய, கட்டாயக் காப்பின் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

வேறுபாட்டை உண்டாக்கியது இருசக்கர வண்டி. திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட் பண்ணையாருக்கும் காவல் துறைக்கும் உரியதாக இருந்த காலம் மாறி, 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்ததும் மோட்டார் வண்டி விவசாயியின் வாசலுக்கு வந்துவிட்டது. பால் கேனும் காய்கறி மூட்டையும் புல்லுக்கட்டும் ஏற்றி, பின்னால் மனைவியையும் முன்னால் பிள்ளையையும் உட்கார வைத்துச் செல்லும் வண்டி அது. அதுவரை சாலையோரம் நடந்தவராக, அதாவது சட்டத்தின் மூன்றாமவராக இருந்த கிராமத்து மனிதர், அன்று முதல் உரிமையாளராகவும் ஓட்டுபவராகவும் பின்னால் அமர்பவராகவும் ஆனார். சட்டம் அவரோடு இடம் மாறவில்லை.

பின்னால் அமர்பவரின் கதையே இதற்குச் சரியான சான்று. கட்டாயப் பகுதியை மட்டும் கொண்ட பாலிசியில், கட்டணமின்றி உடன் ஏறி வருபவர் அடங்கமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் திலக் சிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது. எதிரே வந்த லாரியின் தவற்றால் விபத்து நேர்ந்திருந்தால், பின்னால் அமர்ந்தவர் அந்த லாரியைப் பொறுத்தவரை மூன்றாமவர் என்பதால் லாரியின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு உண்டு. நாய் குறுக்கே பாய்ந்தோ மணலில் சறுக்கியோ வண்டி தானே விழுந்தால், கணவர் ஓட்டிய வண்டியின் தேர்டு பார்ட்டி பாலிசி மனைவிக்கு ஒரு ரூபாயும் தராது. வண்டியின் சேதத்தையும் சேர்த்துக் காக்கும் முழுப் பாலிசியில், சட்ட மொழியில் பேக்கேஜ் பாலிசியில், பின்னால் அமர்பவரும் காரில் உடன் வருபவரும் அடங்குவர் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆக, ஒரே சாலையில் ஒரே குழியில் விழுந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குப் பல லட்சமும் மற்றொன்றுக்கு வெறுங்கையும் கிடைப்பது, ஊர் வழக்கில் ஃபுல் கவர் என்றும் தேர்டு பார்ட்டி என்றும் சொல்லும் இரண்டு தாள்களின் வேறுபாட்டால் மட்டுமே.

ஓட்டுபவரின் நிலை இன்னும் சிக்கலானது. தன் தவற்றுக்குத் தானே இழப்பீடு கேட்க முடியாது என்பது பழைய சட்டக் கொள்கை. அந்த இடைவெளியை நிரப்பவே உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு என்ற சிறு பிரிவு பாலிசியோடு இணைக்கப்பட்டது. அதன் தொகை நெடுங்காலம் இருசக்கர வண்டிக்கு 1 லட்சமாகவும் காருக்கு 2 லட்சமாகவும் இருந்தது. அது போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் சுட்டிக்காட்டியதைத் தொடர்ந்து, 2018 செப்டம்பரில் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. எனினும் இது உரிமையாளரே செல்லத்தக்க உரிமத்தோடு ஓட்டும்போது மட்டும் பொருந்தும். சமவெளிக் கிராமங்களில் ஆர்.சி. புக் தந்தையின் பெயரில் இருக்க வண்டியை மகன் ஓட்டுவதும், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டாரின் வண்டியை இரவல் வாங்கிப் போவதும் அன்றாடம் நடப்பவை. கர்நாடகத்தில் இல்கல்லிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர், இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில், இரும்புத் தகடு ஏற்றி முன்னே சென்று திடீரென நின்ற மாட்டு வண்டியில் மோதி இறந்த வழக்கில், இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், ஆகவே அவர் குடும்பம் மூன்றாமவராகக் கருதி இழப்பீடு கேட்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. நிங்கம்மா வழக்கு என்று அறியப்படும் இத்தீர்ப்பு, வண்டியை இரவல் கொடுக்கவும் வாங்கவும் தயங்காத ஊர்களில் போதுமான அளவு பரவவில்லை.

இந்தக் குறையை ஒரே வீச்சில் நீக்க ஒரு முயற்சி தமிழ்நாட்டில்தான் நடந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தனி நீதிபதி அமர்வு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் விற்கும் ஒவ்வொரு புது வண்டிக்கும், ஓட்டுநர், உடன் வருபவர், உரிமையாளர் அனைவருக்குமான காப்போடு ஐந்தாண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டது. பம்பர் டு பம்பர் என்பது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் முழுச் செலவையும் தரும் வகை. நடைமுறைக்கு ஒவ்வாது என்று நிறுவனங்கள் முறையிட, செப்டம்பரிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பாகங்களின் தேய்மானத்தையும் மனித உயிரையும் ஒரே உத்தரவில் கட்டியதுதான் அதன் பலவீனம் எனலாம். பின்னால் அமர்பவரின் காப்பை மட்டும் கட்டாயமாக்கியிருந்தால் அது நிலைத்திருக்கக்கூடும். 2022-இல் நாட்டின் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் என்பதை வைத்துப் பார்க்கும்போது, நடப்பவரை மட்டும் மனத்தில் கொண்டு வகுத்த கட்டாயம் காலத்துக்குப் பின்தங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் மினி லாரியிலோ டிராக்டர் டிரெய்லரிலோ உறவுக்கூட்டம் போவது திண்டுக்கல் சுற்றுவட்டத்தில் இன்றும் ஓயவில்லை. சரக்கு வண்டியில் இலவசமாக வந்தவருக்கும் காப்பு உண்டு என்று 1999 இறுதியில் சத்பால் சிங் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில் ஆஷா ராணி வழக்கில் அதை மாற்றிக்கொண்டது. சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் அடங்குவர்; ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தன் தக்காளிக் கூடையோடு ஏறியவருக்குக் காப்பு உண்டு, அதே வண்டியில் மொய் எழுதப் போனவருக்கு இல்லை.

காப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்காமல் விடுவதே அடுத்த பெரிய ஓட்டை. ஷோரூமில் வண்டி எடுக்கும்போது போட்ட பாலிசியோடு சரி என்று இருப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கோவையின் எலும்பு மருத்துவ வல்லுநர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை முதலிலேயே எடுத்தாக வேண்டும். இதில் ஒரு மயக்கமும் சேர்ந்தே வந்தது: மூன்றாம் தரப்புக்கு ஐந்து ஆண்டு எழுதிய தாளில் வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே இருக்கும்; தாளின் முகப்பில் இரண்டு முடிவுத் தேதிகள் தனித்தனியே அச்சாகியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேதப் பகுதியை 90 நாட்களுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால், கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்து வந்த தள்ளுபடியும், அது 50 விழுக்காடு வரை ஏறியிருந்தாலும், போய்விடும். திருட்டுக்கோ முழுச் சேதத்துக்கோ கிடைக்கும் தொகை வாங்கிய விலையன்று என்பதும் அறியத்தக்கது: ஐ.டி.வி. என்று தாளில் காணும் மதிப்பு, பழைய கட்டண விதிகளின் அட்டவணைப்படி, மூன்றாம் ஆண்டில் 30 விழுக்காடும் ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடும் குறைந்திருக்கும்.

கட்டாயப் பகுதியின் மதிப்பை ஒரு கணக்கால் விளக்கலாம். 38 வயதுள்ள ஒரு தொழிலாளி மாதம் 12,000 ரூபாய் ஈட்டுகிறார், மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பியிருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர் சாலையோரம் நடந்து செல்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதி இறந்தால், உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டி 16,800 என்றும், ஆண்டுக்கு 2,01,600 என்றும் கொண்டு, அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழித்து, அவர் வயதுக்குரிய பெருக்கெண்ணான 15-ஆல் பெருக்கினால் 22,68,000 ரூபாய் வரும். இறுதிச் சடங்கு முதலியவற்றுக்கான தொகைகள் இதற்கு மேல். மோதிய வண்டி 75 முதல் 150 சி.சி. வரையிலானது என்றால், 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி அதன் ஓராண்டு மூன்றாம் தரப்புக் கட்டணம் 714 ரூபாய், 18 விழுக்காடு வரியோடு 843 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அந்தத் தாள் காலாவதியாகியிருந்தால் 22 லட்சத்தையும் வண்டிக்காரரே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றும் மனுவில் அவருடைய காடும் தோட்டமும் ஜப்திக்கு வரும். உரிமம் இல்லாத பையனிடம் வண்டியைக் கொடுத்தவருக்கும் ஏறத்தாழ இதே கதிதான்: சுவரண் சிங் வழக்கின் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, முதலில் நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கமாகியிருக்கிறது.

இறந்தவர் குடும்பத் தலைவி என்றால் கணக்கு நெடுங்காலம் இரக்கமற்றதாக இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் சேர்த்த அட்டவணை, வருமானமில்லாத மனைவியின் மதிப்பைக் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்தது. சமைத்து, மாடு கறந்து, களை எடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரை இப்படி அளப்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் கண்டித்தது. 2021-இல் கீர்த்தி வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கு உரிய வருமானத்தைக் கருத்தளவில் நிர்ணயித்தே தீர வேண்டும் என்று மீண்டும் வலியுறுத்தியது.

வண்டியை விற்றவர்களின் பாடும் குறைந்ததன்று. கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவது நடப்பு. பல கைகள் மாறிய ஒரு காரைப் பற்றிய நவீன் குமார் வழக்கில், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் முடிவுசெய்தது. விற்ற பதினான்கு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்காதவர், தாம் கண்ணால் காணாத விபத்துக்கும் பதில் சொல்ல நேரும்.

விபத்து எந்த மாவட்டத்தில் நடந்தாலும் குடும்பம் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்ற வசதியை 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. அதே திருத்தம் மனுவுக்கான காலக்கெடுவையும் நீக்கியிருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கெடுவைத் திரும்பக் கொண்டுவர, 2022 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுவதே குடும்பங்களுக்குப் பாதுகாப்பு.